கோர்ட்லிஸனர் ரிவ்யூ: ஜட்ஜ் எப்படிப்பட்டவர்னு யூனியன்காரங்க நேரா படிச்சுப் பாக்க ஒரு இடம்

அமெரிக்கால ஒரு ஃபெடரல் ஜட்ஜ் நாமினேஷன் வந்துச்சுன்னா எங்க யூனியன் ஆளுங்க மத்தியில முதல் கேள்வி எப்பவுமே "எந்த பிரசிடென்ட் போட்ட ஆளு?"ங்கறதுதான், அதுக்கு பதில் தெரிஞ்சவுடனே பேச்சும் முடிஞ்சு போகுது, எனக்கு இது ரொம்ப நாளாவே மனசுக்கு ஒப்பாத விஷயம். இந்த ஜட்ஜுங்க ஆயுசு முழுக்க பதவியில இருக்கலாம், ரிட்டயர்மெண்ட் வயசுன்னு சட்டத்துல ஒண்ணும் கிடையாது, போட்ட பிரசிடென்ட் வீட்டுக்குப் போய் இருபது முப்பது வருஷம் ஆனாலும் இவங்க தீர்ப்பு எழுதிட்டே இருப்பாங்க. ஓவர்டைம், ஸ்ட்ரைக், யூனியன் எலெக்‌ஷன், யூனியன் சேர்ந்தான்னு வேலைய விட்டு தூக்கினது, இப்படி எல்லாமே கடைசியில இவங்க முன்னாடி வந்துதான் நிக்குது. அப்படிப்பட்டவங்கள பத்தி ஒரு பேரோட நிறுத்திக்கறது எப்படி சரியாகும்?

நான் ஒரு பொது ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறேன், எங்க லோக்கல்ல, அதாவது யூனியனோட உள்ளூர் கிளையில, மெம்பர்களுக்காகப் பேசற ஸ்டூவர்டாவும் இருக்கேன். வக்கீலுக்குப் படிச்சவன் இல்ல. நாமினேஷன் வர்றப்ப மெம்பர்களுக்கு ரெண்டு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதிக் குடுக்கற வேலை என்கிட்ட வந்ததுல இருந்து நான் அதிகமா யூஸ் பண்ற சைட் கோர்ட்லிஸனர். ஃப்ரீ லா ப்ராஜெக்ட்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துது, காசு கிடையாது, அக்கவுண்ட் இல்லாமலே தேடலாம். சட்டம் படிக்காத ஒரு தொழிலாளி இத வச்சு என்ன பண்ணலாம், எங்க மாட்டிக்குவார்னு மட்டும் இங்க சொல்றேன், வக்கீல் ஆபீஸ்காரங்க எழுதற ரிவ்யூ வேற நிறைய இருக்கு.

ஒரு ஜட்ஜ் மாறினா என்ன ஆகும்னு எங்கள மாதிரி பப்ளிக் செக்டர் ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. மெம்பர் இல்லாதவங்களும் யூனியன் பேசி வாங்கற சம்பளம் பெனிஃபிட் எல்லாம் அனுபவிக்கறதால அந்தச் செலவுல ஒரு பங்கு அவங்கள கட்ட வைக்கலாம்னு 1977-ல சுப்ரீம் கோர்ட்டோட அபூட் தீர்ப்பு சொல்லுச்சு. 2016-ல ஃப்ரீட்ரிக்ஸ் கேஸ்ல அத ஒழிச்சிருப்பாங்க, வாதம் முடிஞ்சு தீர்ப்புக்கு முன்னாடி பிப்ரவரில ஜஸ்டிஸ் ஸ்காலியா இறந்துட்டார், கேஸ் 4-4ன்னு நின்னுச்சு. ஒபாமா மார்ச்ல அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்ட நாமினேட் பண்ணார், செனட்ல அவருக்கு ஒரு ஹியரிங் கூட வைக்கல. 2017 ஏப்ரல்ல அதே இடத்துக்கு நீல் கோர்சச் செனட் ஓட்டுல 54-45ல கன்ஃபர்ம் ஆனார். 2018 ஜூன் 27-ந் தேதி ஜேனஸ் கேஸ்ல 5-4, அபூட் போச்சு. நாலா இருந்தது அஞ்சாச்சு, அவ்வளவுதான், நாடு முழுக்க அரசு ஊழியர் யூனியன்களோட கணக்கே மாறிடுச்சு.

சரி, சைட்டுக்கு வருவோம். நான் முதல்ல போறது ஜட்ஜுகளோட பக்கத்துக்கு. பேரைப் போட்டா எங்க படிச்சார், முன்னாடி என்ன வேலை பாத்தார், எப்போ நாமினேட் ஆனார், எப்போ கன்ஃபர்ம் ஆனார்னு ஒரே இடத்துல வரும். முன்னாடி பாத்த வேலைய கண்டிப்பா பாக்கணும். கம்பெனிகளுக்கு யூனியன உடைச்சுக் குடுக்கற லா ஃபர்ம்ல இருபது வருஷமா, பப்ளிக் டிஃபெண்டரா, இல்ல ஜெனிஃபர் சங் மாதிரி யூனியன் ஆர்கனைசரா ஆரம்பிச்சு லேபர் வக்கீலாகி நைன்த் சர்க்யூட்ங்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தவரான்னு தெரிஞ்சா ஒரு அடிப்படை கிடைக்கும். அதோட நிறுத்திடக் கூடாது, வேலை பாத்த இடம் ஒரு துப்பு மட்டும்தான். அவர் கையால எழுதின தீர்ப்புங்கள தேடணும்.

தேடறதுக்கு நல்ல வசதி வச்சிருக்காங்க. எந்த கோர்ட், எந்த வருஷத்துல இருந்து, எந்த ஜட்ஜ்னு சுருக்கிக்கலாம், ஒரு சொற்றொடர மேற்கோள் குறிக்குள்ள போட்டா அதே வார்த்தைகள் அப்படியே வர்ற தீர்ப்பு மட்டும் வரும். "லேபர் ரிலேஷன்ஸ் போர்டு"ன்னு இங்கிலீஷ்ல மேற்கோள் குறிக்குள்ள போட்டு ஜட்ஜ் பேரையும் சேர்த்தா, யூனியன் தகராறுகள பாக்கற ஃபெடரல் போர்டு என்.எல்.ஆர்.பி சம்பந்தப்பட்டது வந்துடும். சம்பளம் ஓவர்டைம் கேஸுக்கு ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டத்தோட பேர், வேலை இடத்துப் பாதுகாப்புக்கு அத பாக்கற அரசு ஏஜென்சி ஓஷாவோட பேர். இந்த மூணையும் தேடினாலே ஒரு சர்க்யூட் ஜட்ஜோட லேபர் ரெக்கார்டுல பெரும்பகுதி கைக்கு வந்துடும்.

இதுல நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணு, முதல்ல டிசென்ட்ட, அதாவது மெஜாரிட்டியோட ஒத்துப் போகாத ஜட்ஜ் தனியா எழுதறத, படிங்க. மெஜாரிட்டி தீர்ப்புல கூட சேர்ந்து வர்ற ஜட்ஜுங்களையும் சமாதானப்படுத்தணும்னு வார்த்தைய மழுக்கி எழுதியிருப்பாங்க, சுப்ரீம் கோர்ட் முன்னாடி சொன்னது கைய கட்டிப் போட்டிருக்கும். தனியா மாறுபட்டு எழுதறப்பதான் அந்த ஆளு தானா என்ன நினைக்கறார்னு வெளிய வரும், யாரும் அவர எழுதச் சொல்லல, அவரா உக்காந்து எழுதறார்.

கோர்சச்சையே எடுத்துக்கோங்க. டிரான்ஸ்ஆம் ட்ரக்கிங் கேஸ், 2016, அப்ப அவர் டென்த் சர்க்யூட் ஜட்ஜ். 2009 ஜனவரில இலினாய்ல ராத்திரி நேரம், உறைஞ்சு போற குளிர், ட்ரெய்லரோட பிரேக் உறைஞ்சுடுச்சு, கேபின்ல ஹீட்டர் வேலை செய்யல, கம்பெனிக்கு போன் பண்ணா ரிப்பேர் ஆள் வர்றான் காத்திருன்னாங்க. மணிக்கணக்கா காத்திருந்து உடம்பு மரத்துப் போய், ட்ரெய்லர கழட்டி விட்டுட்டு டிரைவர் ட்ரக்க மட்டும் ஓட்டிட்டுக் கிளம்பினார், அதுக்காக வேலைய விட்டு தூக்கிட்டாங்க. லேபர் டிபார்ட்மெண்ட் டிரைவர் பக்கம், சர்க்யூட்ல ரெண்டு ஜட்ஜும் டிரைவர் பக்கம். கோர்சச் மட்டும் டிசென்ட். பாதுகாப்பில்லாத வண்டிய ஓட்ட மறுத்தா தூக்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது, இவர் மறுக்கல, ஓட்டினாரே, அதனால சட்டப் பாதுகாப்பு கிடையாதுங்கறது அவர் வாதம். கம்பெனி பண்ணது புத்திசாலித்தனமா, இரக்கமான்னு கேக்கலாம், ஆனா அது எங்க வேலை இல்லன்னும் அதுல எழுதியிருக்கார். 2017 ஹியரிங்ல செனட்டர் அல் ஃப்ராங்கன் இந்த டிசென்ட்ட வச்சு அவர கடுமையா கேள்வி கேட்டார். டிவில பாத்ததோட நிக்காம அந்த டிசென்ட்ட முழுசா படிங்க, ரொம்ப நீளமும் இல்ல.

படிச்சுட்டு அதே மனுஷன் 2019 ஜனவரில எழுதின நியூ ப்ரைம் தீர்ப்பையும் படிங்க. அதுவும் ட்ரக் டிரைவர் கேஸ்தான். டிரைவர்கள இண்டிபெண்டண்ட் கான்ட்ராக்டர்னு பேர் வச்சுட்டு, கேஸ் போடாத, ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்கு வெளிய ஒரு தனியார் நடுவர்கிட்ட போன்னு கம்பெனி சொல்லுச்சு. 1925 ஆர்பிட்ரேஷன் சட்டத்துல போக்குவரத்துத் தொழிலாளிங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, சட்டம் வந்தப்ப அதுல இருக்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம் இருந்துச்சுன்னு பாத்து, கான்ட்ராக்டரும் அந்த விதிவிலக்குல அடக்கம்னு டிரைவர் பக்கம் 8-0 தீர்ப்பு, எழுதினது கோர்சச். ஆனா அதுக்கு எட்டு மாசம் முன்னாடி எபிக் சிஸ்டம்ஸ்ல, தொழிலாளிங்க ஒண்ணா சேர்ந்து கேஸ் போடற உரிமைய தனித்தனி ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தால பறிக்கலாம்னு 5-4ல எழுதினதும் இவரேதான். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா இவர் எங்க நமக்கு உதவுவார், எங்க கைவிடுவார்னு ஓரளவு தெளிவாகுது, கட்சிப் பேரை வச்சு இந்தத் தெளிவு வரவே வராது. நேர்மையான ஜட்ஜ்னு நான் கேக்கறது யூனியனுக்கே எப்பவும் தீர்ப்பு சொல்றவர இல்ல. கம்பெனிக்கு ஒரு அளவுகோல், தொழிலாளிக்கு ஒரு அளவுகோல்னு வைக்காதவர், லேப் கோட் போட்டவன் சொல்ற சாட்சியையும் சூட் போட்டவன் சொல்ற சாட்சியையும் ஒரே கவனத்தோட கேக்கறவர்.

ப்ரெட் கவனா சுப்ரீம் கோர்ட்டுக்கு நாமினேட் ஆனப்ப அவர பத்தி நாங்க எழுதினப்பவும் இதே வழிதான், எடுத்தது 2014-ல சீவேர்ல்ட் கேஸ்ல அவரோட டிசென்ட். திமிங்கலம் தாக்கி ட்ரெய்னர் இறந்து போனதுக்கு அப்புறம் ஓஷா போட்ட பாதுகாப்பு உத்தரவு சரின்னு டி.சி. சர்க்யூட் 2-1ல சொல்லுச்சு, அந்த ரெண்டுல ஒருத்தர் கார்லண்ட். கவனா ஃபுட்பால், கார் ரேஸ் மாதிரி ஆபத்தான விளையாட்ட எல்லாம் உதாரணம் காட்டி இது அரசு தலையிடற இடம் இல்லன்னு எழுதினார். வேலை இடத்துல ஆபத்த யார் சுமக்கணும்ங்கற கேள்விக்கு ரெண்டு ஜட்ஜோட பதிலும் ஒரே கேஸ்ல கிடைக்குது, இதவிட என்ன வேணும்?

பழைய கேஸும் நிறைய இருக்கு, எனக்கு இந்த சைட் மேல பிரியம் வந்ததே அதனாலதான். 1927 ரெட் ஜாக்கெட் தீர்ப்பு. வெஸ்ட் வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்துல, யூனியன்ல சேர மாட்டேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் வேலை, அதுக்கு யெல்லோ டாக் கான்ட்ராக்ட்னு பேர். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஆளுங்கள யுனைடெட் மைன் வொர்க்கர்ஸ் யூனியனுக்கு இழுக்கக் கூடாதுன்னு கோர்ட் தடை, அந்தத் தடைய உறுதி பண்ணி எழுதினவர் ஃபோர்த் சர்க்யூட் ஜட்ஜ் ஜான் பார்க்கர். 1930-ல பிரசிடென்ட் ஹூவர் அவர சுப்ரீம் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணப்ப ஏ.எஃப்.எல்ங்கற யூனியன் கூட்டமைப்பு இந்த ஒரு தீர்ப்பக் கையில எடுத்துக்கிட்டு எதிர்த்துச்சு, கறுப்பர்கள் ஓட்டு போடறத பத்தி 1920-ல அவர் பேசினதுக்காக கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி தனியா எதிர்த்துச்சு, செனட்ல 41-39ல தோத்தார். ரெண்டு ஓட்டு வித்தியாசம்! ரெண்டு வருஷத்துல, 1932-ல, நோரிஸ்-லகார்டியா சட்டம் வந்து அந்தக் கான்ட்ராக்ட்ட ஃபெடரல் கோர்ட்ல செல்லாததா ஆக்கிடுச்சு. பார்க்கர் இடத்துக்கு வந்த ஓவன் ராபர்ட்ஸ் 1937-ல வாக்னர் சட்டத்த 5-4ல காப்பாத்தின அஞ்சு பேர்ல ஒருத்தர். யூனியன் வைக்கற உரிமையே அன்னைக்கு ஒரு ஓட்டுல நின்னுச்சு.

பார்க்கர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். 1917-லயே ஹிட்ச்மன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அந்தக் கான்ட்ராக்ட் செல்லும்னு சொல்லிட்டதால கீழ் கோர்ட் ஜட்ஜா நான் வேற என்ன பண்ண முடியும்னு அவர் கேட்டார். தீர்ப்ப இப்ப படிச்சா ஹிட்ச்மன் எங்கெல்லாம் மேற்கோளா வருதுன்னு லிங்கோட தெரியும், க்ளிக் பண்ணி அதையும் படிச்சு, இவர் கட்டாயத்துல எழுதினாரா, மனசோட எழுதினாரான்னு நாமளே எடை போடலாம். அதே மாதிரி ஒரு தீர்ப்ப பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினாங்கன்னும் பாக்கலாம், மேல் கோர்ட் அத தூக்கிப் போட்டிருந்தா அங்கதான் தெரிய வரும், அத பாக்காம எதையும் மெம்பர்களுக்கு எழுதி அனுப்பாதீங்க.

அடுத்தது சொத்துக் கணக்கு. 1978 சட்டப்படி ஃபெடரல் ஜட்ஜ் ஒவ்வொருத்தரும் வருஷா வருஷம் பங்கு, முதலீடு, கடன் எல்லாம் எழுதிக் குடுக்கணும். இத வாங்கிப் படிக்கறது முன்னாடி பெரிய பாடு, கோர்ட்லிஸனர்ல ஜட்ஜ் பக்கத்துலயே தேடற மாதிரி போட்டு வச்சிருக்காங்க. தொகைக்கு பதிலா எழுத்து இருக்கும், ஜேன்னா 15,000 டாலர் வரைக்கும், கேன்னா 50,000 வரைக்கும், எல்னா ஒரு லட்சம் வரைக்கும், இத தெரிஞ்சுக்கிட்டா படிக்கறது சுலபம். ஒரு கம்பெனில ஒரே ஒரு பங்கு இருந்தாலும் அந்தக் கம்பெனி கேஸ ஜட்ஜ் கேக்கக் கூடாதுங்கறது சட்டம், மியூச்சுவல் ஃபண்டுக்கு மட்டும் பொதுவா விலக்கு உண்டு, அதனால ஃபண்ட் பேரைப் பாத்துட்டு யார் மேலயும் பழி போடாதீங்க.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு 2021-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் காட்டுச்சு. இந்த அமைப்பு சேகரிச்ச கணக்குகளையும் வச்சு, 131 ஃபெடரல் ஜட்ஜுங்க தாங்களோ குடும்பமோ பங்கு வச்சிருந்த கம்பெனிகளோட கேஸ விலகாம கேட்டிருக்காங்க, 2010-ல இருந்து 685 கேஸ்னு வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே, 2022 மே மாசம், இந்தக் கணக்கெல்லாம் நெட்ல போடணும்னு சட்டம் வந்துச்சு. யூனியன்காரங்களுக்கு இது புதுசு இல்ல. 1956-ல சவுத் கரோலினால டார்லிங்டன் மில்லுல தொழிலாளிங்க யூனியனுக்கு ஓட்டு போட்டாங்கன்னு மில்லையே மூடிட்டாங்க, ஐநூறு பேருக்கு மேல வேலை போச்சு. அந்தக் கேஸ்ல கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்ன ஜட்ஜுகள்ல ஒருத்தர் கிளமெண்ட் ஹெயின்ஸ்வொர்த், அவருக்குப் பங்கு இருந்த வெண்டிங் மெஷின் கம்பெனி அந்த மில் குழுமத்தோட மில்லுகள்லயே வியாபாரம் பண்ணிட்டு இருந்துச்சு. 1969-ல நிக்சன் அவர சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினப்ப ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ தலைவர் ஜார்ஜ் மீனி எதிர்த்து நின்னார், செனட் 55-45ல திருப்பி அனுப்புச்சு, நிக்சனோட சொந்தக் கட்சில 17 பேர் எதிர்த்து ஓட்டு போட்டாங்க. அன்னைக்கு அத கண்டுபிடிக்க யூனியன் வக்கீலுங்க எவ்வளவு ஆவணத்த தோண்டியிருப்பாங்க, இன்னைக்கு நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து வீட்டுல உக்காந்து பாக்கலாம்.

இப்ப நடக்கற கேஸ் பாக்கறதுக்கு ரீகேப்னு இன்னொரு பகுதி. ஃபெடரல் கோர்ட் ஆவணங்கள எடுக்கற அரசாங்கத்தோட பேசர் சிஸ்டத்துல பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூணு மாசத்துல 30 டாலருக்குள்ள இருந்தா பில் வராது. ரீகேப்ங்கற எக்ஸ்டென்ஷன பிரவுசர்ல போட்டுக்கிட்டா யாரோ ஒருத்தர் காசு குடுத்து எடுத்தது தானா இங்க சேர்ந்து மத்த எல்லாருக்கும் இலவசமாகுது. யூனியன் ஆளுங்களுக்கு இது சொல்லியே புரிய வேண்டாம், ஒருத்தர் கட்டினது பத்து பேருக்கு உதவுது. 2025 மார்ச்ல ஃபெடரல் ஊழியர்கள்ல பெரும்பகுதிக்கு யூனியன் பேச்சுவார்த்தை உரிமைய எடுத்துட்டு ட்ரம்ப் உத்தரவு போட்டப்ப, என்.டி.ஈ.யுங்கற ஃபெடரல் ஊழியர் யூனியன் போட்ட கேஸ்ல ஏப்ரல்ல ஜட்ஜ் பால் ஃப்ரீட்மன் தடை போட்டார், மே மாசம் டி.சி. சர்க்யூட் அந்தத் தடைய நிறுத்தி வச்சுச்சு. இப்படி வேகமா மாறற கேஸுக்கெல்லாம் அலர்ட் வச்சிருந்தா புது ஆவணம் சேர்ந்தவுடனே மெயில் வந்துடும், டிவில நாலு பேர் சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள ஜட்ஜ் எழுதினதையே படிச்சுடலாம். இலவச அக்கவுண்ட்ல கொஞ்சம் அலர்ட்தான் வைக்க முடியும், நிறைய வேணும்னா மாசம் ஏதாவது நன்கொடை குடுக்கணும், அது நியாயமாத்தான் படுது.

அப்பீல் கோர்ட் வாதங்களோட ஆடியோவும் இருக்கு, நான் பஸ்ல போறப்ப கேப்பேன். தொழிலாளி பக்க வக்கீல பேச விடறாரா, கம்பெனி வக்கீல்கிட்டயும் அதே மாதிரி கிடுக்கிப்பிடி கேள்வி வருதான்னு காதால கேக்கறது தனி அனுபவம். ஆனா இத வச்சு மட்டும் முடிவெடுக்க முடியாது. ஜேனஸ் வாதத்துல கோர்சச் ஒரு கேள்வி கூட கேக்கல, அஞ்சாவது ஓட்டு அவருதுதான். சுப்ரீம் கோர்ட் ஆடியோவுக்கு ஓயஸ் சைட் இன்னும் நல்லா இருக்கு, பேசப் பேச எழுத்தும் கூடவே ஓடும், அங்க கோர்ட்லிஸனர் பின்தங்கித்தான் இருக்கு.

குறைகள சொல்லலேன்னா ரிவ்யூ ஆகாது. முதல் குறை பெரிசு, சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி சுருக்கம்னு எதுவும் கிடையாது. தீர்ப்பு தீர்ப்பாவே இருக்கும், 60 பக்கம்னா 60 பக்கம், சட்ட இங்கிலீஷ் பழக்கமில்லாத ஆளு முதல் நாளே மூடிட்டுப் போயிடுவார். எங்க ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கற ஒரு தங்கச்சி, "அண்ணா இத படிக்கறதுக்கு நான் டபுள் ஷிஃப்டே பாத்துடுவேன்"னு சொன்னுச்சு, அது சொன்னதுல தப்பே இல்ல. அதனால நான் ஒவ்வொரு லோக்கல்லயும் ரெண்டு மூணு பேராவது இதுக்குன்னு பொறுப்பெடுத்து, ஆளுக்கு ஒரு தீர்ப்புன்னு பிரிச்சுப் படிக்கணும்னு சொல்லிட்டு இருக்கேன். ரெண்டாவது, ரீகேப்ல யாரும் காசு குடுத்து எடுக்காத ஆவணம் இருக்காது, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல பிரபலமாகாத ஓவர்டைம் கேஸுங்க நிறைய வெறும் தலைப்பாத்தான் நிக்குது. நமக்கு வேண்டியது பல நேரம் அந்த மாதிரி சின்னக் கேஸுங்கதான். மூணாவது, ஒரே பேர்ல ரெண்டு ஜட்ஜ் இருந்தா தேடல் குழம்பும், கோர்ட்டையும் வருஷத்தையும் சேர்த்துத் தேடுங்க. கையெழுத்தில்லாம எல்லாரும் சேர்ந்து போடற தீர்ப்புல யார் எழுதினதுன்னே தெரியாது, அது சைட்டோட தப்பு இல்ல, கோர்ட்டோட வழக்கம். என்.எல்.ஆர்.பி-யோட சொந்த உத்தரவுகளுக்கு அவங்க சைட்டுக்கே போயிடுங்க.

வக்கீலாவே இருந்து முதல் முறை ஜட்ஜாகப் போறவங்க விஷயத்துல தீர்ப்புன்னு ஒண்ணுமே இருக்காதே, அப்ப என்ன பண்றது? செனட் ஜுடீஷியரி கமிட்டிக்கு நாமினி எழுதிக் குடுக்கற கேள்வித்தாள் கமிட்டி சைட்ல கிடைக்கும், அதுல தான் நடத்தினதுல முக்கியமான பத்து கேஸ் எழுதணும். அந்தக் கேஸ் பேர எடுத்துட்டு வந்து கோர்ட்லிஸனர்ல போட்டா அவர் யாருக்காக, என்ன வாதம் வச்சு, எந்த மொழில எழுதினார்னு பல நேரம் மனுக்களே கிடைக்குது. கம்பெனிக்காக வாதாடினதால மட்டும் ஒருத்தர ஒதுக்கிடக் கூடாது, வக்கீல் வேலை அது. ஆனா சுத்தம் பண்ற அம்மாவோட ஓவர்டைம் கேஸ்ல அவங்கள எந்த வார்த்தையால குறிப்பிட்டிருக்கார்னு பாருங்க, அதுல நிறைய தெரியும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், கொறஞ்ச ஒண்ணு அந்த சுருக்கம் இல்லாததுக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்க எடுத்தவுடனே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகாதீங்க, உங்க ஊர் எந்த சர்க்யூட்ல வருதுன்னு பாத்து, அந்த சர்க்யூட்ல இப்ப இருக்கற ஒரு ஜட்ஜோட பேரைப் போட்டு, அவரோட லேபர் டிசென்ட் ஒண்ணே ஒண்ண முழுசா படிங்க. நாமினேஷன் வந்தா உங்க செனட்டர் ஆபீஸுக்கு போன் பண்ணி, இந்த ஜட்ஜ் இந்தக் கேஸ்ல இந்தப் பக்கத்துல இப்படி எழுதியிருக்கார், செனட்டர் இத பத்தி ஹியரிங்ல கேப்பாரான்னு கேளுங்க. போன எடுக்கறவங்க கேஸ் பேரக் கேட்டு எழுதிக்குவாங்க.